மூன்றாவது படி ஆடும்

நவம்பர் 3, திங்கள்

வந்த முதல் நாளே மானம் போயிற்று. வாயால் சொல்ல வெட்கம், எழுதிவிடுகிறேன். எப்படியும் முனீஸ் படிக்கத்தான் போகிறாள், சிரித்துக்கொள்ளட்டும்.

காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை வரை சாமியார் தோட்டம் இரண்டாம் தெருவில் நின்று மாப்பிள்ளை வீட்டை விசாரித்தேன். விசாரிக்கும்போது நான் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. பெயரைச் சொன்னால் நம்மைவிட முந்தி அது அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் "பதினேழாம் நம்பர்காரர் எப்படி?" என்று மட்டும் கேட்டேன். மளிகைக்கடையில் ஒரு பாக்கெட் உப்பு வாங்கி ஒரு சேதி, பூக்காரியிடம் இரண்டு முழம் வாங்கி ஒரு சேதி. தங்கமான மனுசன், அதிர்ந்து பேசமாட்டார், கொஞ்சம் சர்க்கரை உண்டு, சாயங்காலம் பேரனைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவருவார் என்றார்கள்.

பேரன்! நடுத்தெருவில் நின்றே தம்பிக்குப் போன் போட்டேன். "டேய் அழகரு, மாப்பிள்ளைக்குப் பேரன் இருக்கான்டா!"

தம்பி மெதுவாக, "அக்கா, அவனுக்கு இருபத்தெட்டு வயசு" என்றான்.

என்ன நடந்ததென்றால், இந்த மெட்ராசில் ஒரு வீட்டுக்கு இரண்டு நம்பர். பழைய எண், புதிய எண். மாப்பிள்ளை வீடு பழைய எண் பதினேழு. நான் விசாரித்தது புதிய எண் பதினேழு. அந்தப் பெரியவருக்கு மட்டும் கல்யாணம் ஆகாமல் இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பெண் கொடுக்கலாம். அவ்வளவு நல்ல பெயர்.

எங்கள் அருப்புக்கோட்டையில் பெண் கொடுக்கிற வீட்டை விசாரிக்க என்னைத்தான் அனுப்புவார்கள். இதுவரை பதினொன்று கட்டி வைத்திருக்கிறேன், நான்கு கலைத்திருக்கிறேன். நான் கலைத்த நான்கு பேரும் இன்றைக்கும் எனக்குத் தீபாவளிப் பலகாரம் அனுப்புகிறார்கள். இந்தத் தடவை பெண் எங்கள் வீட்டுப் பெண். தம்பி மகள் முனீஸ்வரி. அவளுக்கு இரண்டு வயதில் தாய் போய்விட்டாள். அதிலிருந்து எங்கள் வீட்டில் மூன்று தட்டு. அவள், தம்பி, நான்.

டைரியும் அவள் கொடுத்ததுதான். "அத்தை, நீ வாயால சொன்னா ஜிகினா ஒட்டிச் சொல்லுவ. எழுதிட்டு வா" என்றாள். நான் படித்தது ஐந்தாவது. ஜிகினா ஒட்ட அது போதும்.

பஸ் ஏறும்போது தம்பி சொன்னான்: "அக்கா, நீ சரின்னா சரி, வேணாம்னா வேணாம். நான் மறுபேச்சுப் பேசமாட்டேன்."

நவம்பர் 4, செவ்வாய்

அயனாவரத்தில் சித்தி மகள் பாக்கியம் வீட்டில் தங்கியிருக்கிறேன். அங்கிருந்து மாப்பிள்ளை தெருவுக்கு நடந்தால் இருபது நிமிடம். வேடிக்கை பார்த்துக்கொண்டு நடந்தால் ஒன்றேகால் மணி நேரம்.

எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு குணம்தான். இங்கே முப்பது அடிக்கு ஒரு தடவை மாறுகிறது. இங்கே பைக் மெக்கானிக், அடுத்து கல்யாண மாலை, அடுத்து ஒரு வீட்டுக் கூடத்துக்குள்ளேயே பல் டாக்டர். தெருக்குழாயடியில் நீலக் குடங்களை வரிசையாகச் சங்கிலியில் கோத்துப் பூட்டுப் போட்டிருந்தார்கள். வீட்டுக் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது, குடத்துக்குப் பூட்டு. எது விலை மதிப்பு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்று. எங்கள் ஊரில் வீட்டுக்குள் போகப் படி ஏறுவோம். இந்தத் தெருவில் படி இறங்குகிறார்கள். ஏன் என்று புரியாமல் ஒவ்வொரு வாசலாக எட்டிப் பார்த்தேன். ஒரு நாய் குரைத்தது. கடைசியில் இஸ்திரி வண்டிக்காரர் விளக்கம் சொன்னார். அவர் பெயர் கன்னியப்பன். முப்பது வருசமாக அதே வேப்பமரத்தடியில் வண்டி.

"ரோடு போடறான்ல, பழச சொரண்டாம மேலயே போடறான்மா. வருசத்துக்கு ஒரு வாட்டி ரோடு வளருது. வூடு அதே எடத்துல கீது. நான் வந்தப்ப இந்தத் தெருவுல எல்லாரும் படி ஏறித்தான் போவாங்க."

எனக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. சாலை வளர்கிற ஊரை இப்போதுதான் பார்க்கிறேன்.

"நீ இன்னா, வூடு தேடினு வந்தியா?" என்றார்.

ஆமாம் என்றேன். விசாரிக்க வந்தேன் என்றா சொல்லமுடியும்?

"அதோ, பழைய பதினேழு. மாடி போர்ஷன் காலியா கீது" என்று கையைக் காட்டினார். மாப்பிள்ளை வீட்டு மாடியிலேயே டூலெட் போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. கும்பிடப் போன சாமி தானே எதிரில் வந்துவிட்டது.

நவம்பர் 5, புதன்

முனீசுக்கு ஒரு தொழில் ரகசியம். ஒரு குடும்பத்தைப் பற்றித் தெரிய வேண்டுமானால் சொந்தக்காரர்களிடம் கேட்காதே, துணி தேய்க்கிறவரிடம் கேள். யார் குடிக்கிறான் என்பது சட்டைப்பைக்குத் தெரியும். யார் அடிக்கிறான் என்பது பட்டனுக்குத் தெரியும். என்னைப் பதினெட்டில் கட்டிக்கொடுத்தார்கள், இருபதில் திரும்பி வந்தேன். அந்த வீட்டுத் துணியைத் தேய்த்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பஸ் செலவு மிச்சமாகியிருக்கும்.

பாக்கியத்தின் சேலை நான்கை எடுத்துக்கொண்டு போய் கன்னியப்பனிடம் கொடுத்துவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வீட்டுக்காரங்க எப்படிண்ணே? குடி வர்றதுன்னா கேட்டுக்கிறணும்ல."

"அம்மா தெய்வானை. வாய் கொஞ்சம் பெருசு, மனசும் அதே சைசு. புருசன் போய்ட்டாரு. பையன் ஜெயவேலு, ரயில்வே ஒர்க்ஷாப்பு. ரெண்டே பேருதான்."

"பையன் எப்படி?"

"அவனே துணி எடுத்துனு வருவான். அம்மா பொடவைய அவன்தான் மடிச்சி எடுத்துனு வருவான். சட்டைப்பைல டிக்கெட்டு, டீ பில்லு, அவ்ளோதான். ஒரு வாட்டி பேனா லீக் ஆயி இங்க்கு."

"கோவம்?"

"ரெண்டு வருசம் முன்ன ஒரு சட்டைய தீச்சிட்டேன். பெட்டி அப்டியே முதுகுல உக்காந்துடுச்சி. வந்து பாத்தான். 'பரவால்லண்ணா, உள்ள பனியன் போட்டுக்கறேன்'ன்னான்."

சரியில்லை. இப்படி ஒருவன் இருக்கமுடியாது. ஏதோ மறைக்கிறார்கள். நாளைக்கு இன்னும் ஆழமாகத் தோண்ட வேண்டும்.

நவம்பர் 6, வியாழன்

மழை. பாக்கியம் வீட்டில் இரண்டு கிலோ வெங்காயம் உரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது வெங்காயத்தால்.

நவம்பர் 7, வெள்ளி

வீடு பார்க்கிற சாக்கில் உள்ளேயே போய்விட்டேன்.

தெருவிலிருந்து மூன்று படி இறங்க வேண்டும். இறங்கும்போதே தெய்வானை கத்தினாள். "மூணாவது படி ஆடும், பாத்து வாங்க!" ஆடியது. கதவைப் பிடித்துக்கொண்டேன்.

கூடத்துச் சுவரில் பென்சில் கோடுகள். பிள்ளைகள் உயரம் அளந்த கோடு என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் மழைத்தண்ணீரின் உயரமாம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வருசம் எழுதியிருந்தது. ஒன்று முழங்கால். ஒன்று கணுக்கால். 2015 என்று எழுதியது என் இடுப்புக்கு மேல். பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாவற்றுக்கும் கீழே செங்கல். வீடே குதிகால் வைத்த செருப்புப் போட்டுக்கொண்டு நிற்கிறது.

குற்றம் கிடைத்துவிட்டது! பள்ளத்து வீடு. இது ஒன்று போதும். தம்பியிடம் "தண்ணிக்குள்ளயா நம்ம பிள்ளையக் குடுக்கிறது?" என்று ஒரு வார்த்தை சொன்னால் பேச்சு முடிந்தது. அதில் பொய்யும் கிடையாது.

மாடிக்குக் கூட்டிப்போனாள். ஒரு அறை, ஒரு சமையல் மேடை, மொட்டை மாடியில் பாதி. அங்கே நின்றால் ரயில் போவது தெரிகிறது, கொய்யா மரத்தின் உச்சி கைக்கு எட்டுகிறது.

"எத்தன பேரு வருவீங்க?" என்றாள்.

"நான் ஒருத்திதான்" என்றேன். "தம்பி மகள்னு ஒருத்தி இருக்கா. அவ வந்து வந்து போவா."

"தம்பி மக எப்படி? கோவக்காரியா?"

"கோவமா? அவளா? காலையில ஆறு மணிக்கு முன்னாடி எழுப்பினா மட்டும் வரும். மத்தபடி பசு. கணக்குல கெட்டி. தையல் தச்சான்னா தச்ச எடம் தெரியாது. சமையல் மட்டும் கொஞ்சம் முன்னப்பின்ன. ரசம் வச்சா சாம்பார் மாதிரி இருக்கும், சாம்பார் வச்சா ரசம் மாதிரி இருக்கும். ரெண்டையும் மாத்திச் சொல்லிட்டா நல்லாருக்கும்."

தெய்வானை விழுந்து விழுந்து சிரித்தாள். இன்னும் நிறையக் கேட்டாள். சின்ன வயதில் அம்மை போட்டதா, யாரிடம் வளர்ந்தாள், நகத்தைக் கடிப்பாளா என்றெல்லாம். குடி வராத பெண்ணைப் பற்றி இவ்வளவு அக்கறையாகக் கேட்கிற வீட்டுக்காரியை நான் பார்த்ததில்லை. மெட்ராஸ் பழக்கம் போல.

இறங்கும்போது சும்மா கேட்டு வைத்தேன், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடிகாலை ஐந்தரை.

நவம்பர் 8, சனி

விசாரணை முடிந்ததுதான். ஆனாலும் ஊரை நன்றாகத் தெரிந்துகொள்வது நல்லது என்று ஷேர் ஆட்டோவில் ஏறினேன். முன்னால் டிரைவருக்கு இரண்டு பக்கமும் ஆள், பின்னால் எட்டுப் பேர். என் மடியில் யாருடைய பையோ இருந்தது. இறங்கும்போது அது என் பை இல்லையே என்று யோசித்து, என் பை எங்கே என்று பார்த்தால் எதிரே இருந்த அம்மாளின் மடியில். இரண்டு பேரும் மாற்றிக்கொண்டோம். இங்கே அதற்கெல்லாம் யாரும் பதறுவதில்லை.

பெரம்பூரில் கவுன் போட்ட ஒரு வயதான அம்மா கேட்டுக்குள் நின்று ரோஜாச் செடிக்கு முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் நின்று பார்த்ததும், "வெங்காயத் தோலும் போடலாம், டியர்" என்றார். என்னை யாரும் டியர் என்று கூப்பிட்டதில்லை. ஒரு மணி நேரம் பேசினோம். பழைய ரயில்வே குடும்பமாம். அவர் வீட்டுக்கும் இரண்டு படி கீழே இறங்க வேண்டும்.

அப்புறம் புரசைவாக்கம். ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, வளையல்கடை. கண் இரண்டும் போதவில்லை. கடைக்காரன் "வாங்கம்மா, உள்ள வந்து பாருங்க, பாக்கறதுக்குக் காசில்ல" என்றான். அவன் வார்த்தையை நம்பி எல்லாவற்றையும் பார்த்தேன். கடைசியில் அவனே, "ஏதாவது வாங்கவும் செய்யலாம்மா" என்றான். முனீசுக்கு அரக்குக் கலரில் ஒரு ஜாக்கெட் துணி எடுத்தேன்.

திரும்பும்போது ஓட்டேரிப் பக்கம் வீடு ஏதும் காலி இருக்கிறதா என்று மூன்று இடத்தில் கேட்டேன். பொய் சொன்னால் முழுசாகச் சொல்ல வேண்டும். ஒருத்தியாக இருப்பவர்களுக்குக் கொடுப்பதில்லை என்றார்கள் இரண்டு இடத்தில். மூன்றாவது இடத்தில் மாடிப்படி செங்குத்து, எனக்கு ஒத்துவராது. பழைய பதினேழின் மாடிதான் வாகு.

அருப்புக்கோட்டைக்கும் இந்த ஊருக்கும் பஸ்சில் பத்து மணி நேரம். தூரத்தைக் குறித்து வைக்கிறேன், வேறொன்றும் இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

முனீஸ் போன் செய்தாள்.

"அத்தை, என்ன குத்தம் கண்டுபிடிச்ச?"

"ஏத்தா, நான் குத்தம் கண்டுபிடிக்கவா வந்தேன்?"

"பெறகு? விசாரிக்க ரெண்டு நாள் போதும்னு சொல்லுவ. ஏழு நாளாச்சு. இன்னும் அங்கனயே கெடக்க."

"ஊர் சுத்திப் பாக்கேன்டி. எனக்கும் வயசு இருக்குல்ல."

"அத்தை." குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு அவரப் பிடிச்சிருக்கு. ரெண்டு தடவ போன்ல பேசினோம், அப்பாவுக்குத் தெரியும். ஆனா நீ வேணாம்னு சொன்னா நான் ஏன்னு கேக்கமாட்டேன்."

ஏன் என்று கேட்பாள் என்றால் எனக்குச் சுலபம். சண்டை போட்டு ஜெயித்துவிடலாம்.

"சாப்பிட்டியா?" என்றேன்.

"ரசம் வச்சேன்."

"அப்ப இன்னைக்குச் சாம்பார்" என்றேன். அவள் வைத்த பிறகும் போனைக் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தேன். கை மரத்துவிட்டது.

நவம்பர் 10, திங்கள்

விடியும் முன்னே பிடித்த மழை பத்து மணிக்கும் விடவில்லை. இந்த நேரத்தில் அந்த வீடு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டால் விசாரணை பூரணம். பாக்கியம் வேண்டாம் வேண்டாம் என்றாள். அவள் குடையையே எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

தெருமுனையில் கணுக்கால் தண்ணீர். கன்னியப்பன் வண்டியைத் தார்ப்பாயால் மூடிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். "இன்னாம்மா, தண்ணில வூடு பாக்க வந்தியா? உன்ன மாதிரி உசாரான ஆள நான் பாத்ததில்ல" என்றார். ஏனோ சிரித்தார்.

பழைய பதினேழில் தண்ணீர் இரண்டு படி இறங்கி மூன்றாவதில் நின்றது. வாசலில் மணல் மூட்டை. உள்ளே தாயும் மகனும் கிரைண்டரைத் தூக்க மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"விடும்மா! உன் முதுகு போன வருசமே போயிருச்சு!"

"என் முதுகு என் முதுகு! நீ ஒன் பக்கத்தப் பிடிடா, மெல்லப் போறான் பாரு ஊர்வலம் மாதிரி!"

"ஊர்வலத்துல அம்மனத் தூக்குறேன், அப்படித்தான் போகும்!"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்து கிரைண்டரைப் பாதியிலேயே இறக்கிவிட்டார்கள். நான் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு ஒரு பக்கம் பிடித்தேன். என்னை யார் எவர் என்று அவன் கேட்கவில்லை. தெய்வானையும் சொல்லவில்லை. மூன்று பேருமாகக் கட்டில் மேல் ஏற்றினோம்.

அப்போதுதான் மணல் மூட்டை மேல் ஏறி ஒரு தவளை உள்ளே குதித்தது. கைப்பிடி அளவுகூட இல்லை. ஜெயவேல் "ஐயோ" என்று ஒரு குரல் கொடுத்தான் பாருங்கள், ரயில் சங்கு தோற்றது. அடுத்த நொடி நாற்காலி மேல் நிற்கிறான். தினமும் ரயில் பெட்டியைப் புரட்டிப் போடுகிற ஆள்!

"சின்ன வயசுலருந்தே இப்படித்தான், மதினி" என்றாள் தெய்வானை. "தண்ணிக்குப் பயமில்ல, பாம்புக்குப் பயமில்ல. தவளைனா மட்டும் ஆளு காலி."

நான் தவளையைக் கையால் பிடித்துத் தெருவில் விட்டேன். அவன் இறங்கி வந்து, முகம் சிவந்து, "யார்கிட்டயும் சொல்லிராதீங்க" என்றான்.

"யார்கிட்ட சொல்லப்போறேன்?" என்றேன்.

மதினி என்று என்னை ஏன் கூப்பிட்டாள் என்று வருகிற வழியெல்லாம் யோசித்தேன். அவசரத்தில் வாயில் வந்த முறையைச் சொல்வார்கள் போல.

நவம்பர் 11, செவ்வாய்

இன்று எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டேன். கையெழுத்து சரியில்லை.

நவம்பர் 12, புதன்

காலையில் தம்பிக்குப் போன் போட்டேன். பாக்கியம் காய் நறுக்குகிற மாதிரி நடித்துக்கொண்டு ஒட்டுக்கேட்டாள்.

"அழகரு, வீடு பள்ளத்துல இருக்கு. மழைக்குத் தண்ணி வருது."

"ம்."

"ஒவ்வொரு வருசமும் வருமாம். செவுத்துல கோடு போட்டு வச்சிருக்காக."

"ம். சரிக்கா. அப்ப வேணாம்னு சொல்லிரவா?"

சொல்லிவிடு என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. ஒரு வார்த்தை. அடுத்த பஸ்சில் ஊர். மறுபடியும் மூன்று தட்டு.

"இருடா, முழுசாக் கேளு" என்றேன். "தண்ணி வந்தா அழுகிற வீடு இல்ல. சிரிக்கிற வீடு. அப்படி ஒரு வீட்ட நான் பதினஞ்சு விசாரணையில பாத்ததில்ல. பையனுக்கு ஒரு குத்தம் இருக்கு."

"என்னது?"

"தவளைக்குப் பயம்."

அந்தப் பக்கம் தம்பியிடமிருந்து போனை யாரோ பிடுங்கினார்கள்.

"எனக்குப் பயமில்லையே, அத்தை" என்றாள் முனீஸ்.

"தெரியும்டி" என்றேன். "தவளையப் பிடிக்கச் சொல்லிக் குடுத்தது யாரு?"

பாக்கியம் நறுக்கிய காயைப் பார்த்தேன். ஒரே முருங்கைக்காயை அரை அரை அங்குலமாக நறுக்கியிருந்தாள்.

நவம்பர் 16, ஞாயிறு. அருப்புக்கோட்டை

டைரியைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். வைத்த இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளி இருக்கிறது. முனீஸ் காலையிலிருந்து என் தட்டில் மட்டும் இரண்டு அப்பளம் வைக்கிறாள்.

நவம்பர் 23, ஞாயிறு

முறைப்படி மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். ஒற்றைப்படையாக ஏழு பேர். நான் இதுவரை அந்தத் தெருவையே பார்க்காதவள் மாதிரி இருக்க வேண்டும் என்று தம்பியிடம் சத்தியம் செய்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் மரியாதை இல்லை. பட்டுச்சேலை, கையில் தேங்காய் பழத் தாம்பாளம், முகத்தில் புதுசாக ஒரு ஊருக்கு வந்த முழி.

தெருமுனையில் கன்னியப்பன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "இன்னாம்மா, வூடு அமைஞ்சுதா?" என்றார். நான் பக்கத்தில் வந்த பெரியப்பாவைக் காட்டி, அவரைக் கேட்கிறார் என்றேன். பெரியப்பாவுக்குக் காது கேட்காது. ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

மாடியைப் பார்த்தேன். டூலெட் போர்டு இல்லை. ஆணி மட்டும் இருந்தது.

தெய்வானை வாசலுக்கு வந்து எல்லாரையும் கும்பிட்டாள். "வாங்க வாங்க" என்றாள். என்னைப் பார்த்து, முதல்முறை பார்ப்பவள் மாதிரியே, "நீங்கதான் பொண்ணோட அத்தையா?" என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. முன்னால் போன தம்பி காலைத் தூக்கினான்.

"மூணாவது படி ஆடும், பாத்து!" என்றேன்.

ஏழு பேரும் நின்றார்கள். தம்பி என்னைப் பார்த்தான். உள்ளேயிருந்து ஜெயவேல் இருமினார்.

"மெட்ராசுல மூணாவது படி எல்லாம் அப்படித்தானாம்" என்றேன்.

"ஆமா மதினி" என்றாள் தெய்வானை. "கன்னியப்பன் மொதல் நாளே வந்து சொல்லிட்டாரு, ஒங்க ஊர்ப் பேச்சுல ஒரு அம்மா வந்து எங்களப் பத்தித் தொளைச்சு எடுக்கிறாங்கன்னு. நானும்தான் ஒங்களத் தொளைச்சேன். பொண்ணப் பத்தி ஒங்களவிட யாருகிட்ட விசாரிக்கிறது?"

"மாடிக்கு ஆள் வந்துருச்சா?" என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"ஒருத்தவங்க பாத்துட்டுப் போனாங்க. தண்ணி எத்தன மணிக்கு வரும்னு கேட்டாங்க. அப்படிக் கேட்டவங்க வராம இருக்கமாட்டாங்க. எப்ப வந்தாலும் தங்கட்டும்னு போர்டக் கழட்டிட்டேன்."

தம்பி ஏதோ கேட்க வாயெடுத்தான். நான் முந்திக்கொண்டு உள்ளே இறங்கினேன். முதல் படி சரி. இரண்டாவது படி சரி. மூன்றாவது படி ஆடியது. தாம்பாளம் முன்னால் போயிற்று, நான் பின்னால் உட்கார்ந்தேன். வாழைப்பழம் தெய்வானை காலடியில் நின்றது. பூ பெரியப்பா தோளில் விழுந்தது. தேங்காய் கூடத்தைக் கடந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று.

மாப்பிள்ளை எடுக்கக் குனிந்தார்.

அங்கே தவளை இருந்தது.

டைரி இடுப்பில்தான் செருகியிருந்தது; விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து இதை எழுதும்போது மாப்பிள்ளை நாற்காலி மேல் நிற்கிறார். தேங்காய் இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. தவளையைப் பிடித்து வெளியே விடலாம், ஆனால் என்னை இன்னும் யாரும் தூக்கிவிடவில்லை.